கப்பல்காரரை விட்டுவிட்டு காலஸைக் கேளுங்கள்

மரியா காலஸ் என்று சொல்லிப் பாருங்கள். "ஓனாஸிஸோட காதலிதானே?" என்பார்கள். 2024-ல் ஆஞ்சலினா ஜோலி நடித்து வந்த படமும் பாரீஸில் அவருடைய கடைசி நாட்களைத்தான் சுற்றிச் சுற்றி வருகிறது. பாடகி ஒருத்தியின் கதையில் பாட்டைத் தவிர எல்லாம் இருக்கிறது. எனக்கு எரிச்சலாக இருக்கிறது.

1949 ஜனவரி, வெனிஸ். காலஸுக்கு வயது 25. லா ஃபெனீச்சே அரங்கில் வாக்னரின் 'வால்க்யூரே'யில் ப்ரூன்ஹில்டே வேடம். பெரிய வாத்தியக் குழுவை மீறி ஒலிக்க வேண்டிய கனத்த குரலுக்கான பாத்திரம். அதே சமயம் பெல்லினியின் 'பூரித்தானி'யில் பாட வேண்டியவருக்கு உடம்பு சரியில்லாமல் போனது. அது நேர் எதிரான வேலை. லேசான குரலில் உச்ச ஸ்வரங்களில் வேகமாக உருள வேண்டும். நடத்துனர் செராஃபின் காலஸைத்தான் பாடச் சொன்னார். சில நாட்களில் பாடம் பண்ணி, ப்ரூன்ஹில்டேயை முடித்த கையோடு அதையும் பாடினார். இரண்டையும் ஒரே பெண் அடுத்தடுத்துப் பாடுவது என்றால் சங்கீத உலகம் வாயைப் பிளக்காமல் என்ன செய்யும்? இதைப் பற்றி நம் ஆட்கள் பேசுவதே இல்லை.

"குரல் அப்படியொன்றும் இனிமை இல்லையே, தெபால்டி மாதிரி வருமா?" என்று ஒரு கோஷ்டி. இனிமை குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். சில இடங்களில் கரகரக்கும். அதனால் என்ன? வெறும் அலங்காரம் என்று மற்றவர்கள் பாடிவிட்டுப் போன உருட்டல்களில் ஒரு பெண்ணின் பயமும் வெறியும் கேட்கும்படி செய்தவர் அவர். 1957-ல் லா ஸ்காலாவில் 'அன்னா பொலேனா'வைப் பாடி, ஏறக்குறைய மறந்துபோன தொனிஸெத்தியைத் திரும்ப மேடையேற்றினார். பின்னால் வந்த சதர்லாண்ட், கபாயே எல்லாம் அவர் திறந்த வழியில் நடந்தவர்கள்.

அடுத்தது "திமிர் பிடித்தவள்". 1958 ஜனவரி 2, ரோம். ஜனாதிபதி முன்னிலையில் 'நோர்மா'வை முதல் அங்கத்தோடு நிறுத்தினாராம். தொண்டை போய்விட்டது, நிறுத்தினார். பல வருடம் கழித்து நீதிமன்றமும் அவர் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னது. அதை எத்தனை பத்திரிகை முதல் பக்கத்தில் போட்டதோ!

காதலால் குரல் போயிற்று என்பது இன்னொரு கட்டுக்கதை. ஓனாஸிஸின் கப்பலில் ஏறியது 1959 கோடையில். உச்ச ஸ்வரத்தில் நடுக்கம் அதற்கு முன்பே கேட்க ஆரம்பித்துவிட்டது. பதினெட்டு வயதிலேயே ஏதென்ஸில் 'தோஸ்கா' பாடியவர். அந்தத் தொண்டை உழைத்த உழைப்பை யாராவது கணக்குப் பார்த்தார்களா? காதல் தோல்வி என்றால் டிக்கெட் விற்கும், தொண்டைத் தேய்மானம் விற்காது.

1953-ல் டி சபாட்டா நடத்திய 'தோஸ்கா' ஒலிப்பதிவு யூட்யூபிலேயே கிடைக்கிறது. இரண்டாம் அங்கத்தின் முடிவில், ஸ்கார்பியாவைக் குத்திச் சாய்த்துவிட்டு ஒரே ஒரு வரி சொல்வார். பாட்டு இல்லை, கிட்டத்தட்ட பேச்சு. ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு கேளுங்கள்.