சதியை மெய்ப்பிப்பது யார் பொறுப்பு? ஆணவக் கொலைத் தடுப்புச் சட்டமும் கொங்கின் மூன்று வழக்குகளும்

2025 ஜூலை 27 அன்று பாளையங்கோட்டையில் கவின் செல்வகணேஷ் வெட்டிக் கொல்லப்பட்டார். அதன் பிறகு எழுந்த கோரிக்கைகளின் அழுத்தத்தில், ஆணவக் கொலைகளைத் தடுக்கத் தனிச் சட்டம் இயற்றுவதற்குப் பரிந்துரைகள் அளிக்க ஓய்வுபெற்ற நீதிபதி கே.என். பாஷா தலைமையில் ஆணையம் அமைக்கப்படும் என்று அக்டோபர் 17 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். அச்சட்டம் எந்த வடிவில் வந்தாலும் அதில் என்ன இருக்க வேண்டும் என்பதை இப்போதே பேசியாக வேண்டும். மேடைகளில் கேட்பதெல்லாம் 'கடும் தண்டனை' என்ற ஒரே குரல். நம் பார்வையில் தண்டனைக்குப் பஞ்சமே இல்லை. கொலைக்கு மரண தண்டனை வரை ஏற்கெனவே உண்டு. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(2)(v) பிரிவு ஆயுள் சிறையை விதிக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 103(2) பிரிவு, சாதியின் பெயரால் ஐந்து பேரோ அதற்கு மேலோ கூடிச் செய்யும் கொலையைத் தனிக் குற்றமாகவே வகுத்துள்ளது. சிக்கல் வேறிடத்தில் இருப்பதைக் கொங்கு மண்டலத்தின் மூன்று வழக்குகள் காட்டுகின்றன.

2016 மார்ச் 13 அன்று பட்டப்பகலில், உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே சங்கர் வெட்டப்பட்டதைக் கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. படுகாயமுற்ற கௌசல்யா உயிர் பிழைத்து, தன் குடும்பத்துக்கு எதிராகவே சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் முதன்மை அமர்வு நீதிமன்றம் கௌசல்யாவின் தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று சென்னை உயர்நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது. வெட்டிய ஐவரின் தண்டனை, குறைந்தது 25 ஆண்டுகளேனும் கழிக்க வேண்டிய ஆயுள் சிறையாகக் குறைந்தது. கொலை மெய்ப்பிக்கப்பட்டது, சதி மெய்ப்பிக்கப்படவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றுள்ளது.

மேட்டுப்பாளையத்தில் 2019 ஜூனில் ஓர் இளைஞரும் அவர் மணக்க விரும்பிய அருந்ததியர் பெண்ணும் வெட்டப்பட்டு உயிரிழந்தனர். 2025 ஜனவரியில் கோவை சிறப்பு நீதிமன்றம் இளைஞரின் அண்ணனுக்கு மரண தண்டனை விதித்தது. உடன் குற்றஞ்சாட்டப்பட்ட மூவர் விடுவிக்கப்பட்டனர்.

விடுதலையானவர்களைக் குற்றவாளிகள் என எழுத நமக்கு உரிமை இல்லை. புலனாய்வு எங்கே நின்றுபோகிறது என்பதே நம் கேள்வி. சதி என்பது ஓர் உடன்பாடு. அது நாலு சுவருக்குள் நடப்பது. ஆகவே தொலைபேசி அழைப்பு, கைமாறிய பணம், தங்கிய விடுதி எனப் பின்னிருந்து கோத்துத்தான் அதை நிறுவ முடியும். ஒரு கண்ணி அறுந்தாலும் ஐயத்தின் பலன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கே. வன்கொடுமை வழக்கில் பொருளுதவி செய்தவர் குற்றத்துக்கு உடந்தை எனச் சிறப்பு நீதிமன்றம் ஊகிக்க வேண்டும் என்கிறது அச்சட்டத்தின் 8ஆம் பிரிவு. ஆனால் பணம் போனது முதலில் மெய்ப்பிக்கப்பட்டால்தான் அந்த ஊகம் பிறக்கும். சட்டம் பயிலும் மாணவர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது.

மூன்றாவது வழக்கு இதற்கு நேர்மாறானது. ஓமலூர் கோகுல்ராஜ் 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீசுவரர் கோயிலில் தன் கல்லூரித் தோழியுடன் பேசிக்கொண்டிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே ரயில் தண்டவாளத்தில் சடலமாகக் கிடந்தார். கொலையைக் கண்ட சாட்சி எவருமில்லை. முதன்மைச் சாட்சியான தோழியும் பிறழ்சாட்சியானார். நடுவரிடம் முன்பு அளித்த வாக்குமூலம் தன்னளவில் சான்றாகாது. நீதிமன்றச் சாட்சியத்தை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ மட்டுமே அது பயன்படும். ஆயினும் 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் ஒரு சாதி அமைப்பின் தலைவரான யுவராஜ் உள்ளிட்ட பத்துப் பேரைத் தண்டித்தது, ஐவரை விடுவித்தது. உயர்நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ். ரமேஷ், என். ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் கேமராப் பதிவின் உண்மையை உணர அந்தக் கோயிலுக்கே சென்று பார்த்தனர். 2023 ஜூன் 2 அன்று அவர்கள் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தனர்.

இதைச் சாத்தியமாக்கியவர் கோகுல்ராஜின் தாய் சித்ரா. சிறப்பு அரசு வழக்கறிஞராக ப.பா. மோகன் வேண்டுமென்று போராடியவர் அவர். வழக்கை நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாற்ற வைத்தவரும் அவரே. மகனை இழந்த ஒரு தாய் ஏழாண்டுகள் இதற்காக அலைந்தால்தான் சதி மெய்ப்பிக்கப்படும் என்றால், அடுத்த தாய்க்கு அந்த வலிமை இல்லாதபோது என்ன ஆகும்? அரசு வழக்கறிஞரைத் தேர்வதில் பாதிக்கப்பட்டோரின் விருப்பத்தைக் கேட்பது, உள்ளூர் அழுத்தம் உள்ள இடத்திலிருந்து வழக்கை மாற்றுவது ஆகியவை உரிமையாகவே எழுதப்பட வேண்டும். சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்தை ஒவ்வொரு மாநிலமும் அறிவிக்க வேண்டும் என்கிறது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398ஆம் பிரிவு. பிறழ்சாட்சியை ஏசுவது எளிது. தன் சாதிக்காரர் நடுவே வாழ்ந்தாக வேண்டிய ஓர் இளம்பெண்ணுக்கு அரசு என்ன பாதுகாப்பு தந்தது என்று கேட்பவர் குறைவு.

இறுதியாக, வரையறை. சட்ட ஆணையத்தின் 242ஆவது அறிக்கை 2012இல் முன்வைத்த வரைவு, திருமணத்தைக் கண்டிக்கக் கூடும் கூட்டங்களைக் குறிவைத்தது. வடநாட்டுக் காப் பஞ்சாயத்துகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது அது. 2018 மார்ச் 27இல் உச்ச நீதிமன்றம் அளித்த சக்தி வாகினி தீர்ப்பும் அவற்றின் தலையீட்டைச் சுற்றியே பேசுகிறது. கோகுல்ராஜோ திருமணம் செய்தவரல்லர். ஒரு பெண்ணுடன் பேசியதற்காகவே கொல்லப்பட்டவர். 'திருமணத்தில் தலையீடு' என்ற தலைப்பில் நாளை ஒரு சட்டம் வருமானால் கோகுல்ராஜின் கொலை அதற்குள் அடங்காது. நட்பு, காதல், உடன் பயணம் என எந்த உறவாயினும், சாதி கடந்தது என்ற ஐயம் மட்டுமே இருந்தாலும், அதற்காக நிகழும் வன்முறை அனைத்தையும் வரையறை உள்ளடக்க வேண்டும். ஆணையத்துக்கு மனு எழுதும் மாணவர் அமைப்புகள் இந்த ஒரு வரியை விட்டுவிடக் கூடாது.