குத்தகைக்கு ரசீது கேளுங்க

வங்கியில முப்பது வருஷம் வேலை பார்த்தவன் நான். கடன் கட்டாதவருக்கும் முதல்ல நோட்டீஸ்தான் போகும். அவகாசம் கேட்டா யோசிப்போம். ஓய்வு பெற்று ஊருக்கு வந்து மண்ணைத் தொட்ட பிறகுதான், குத்தகை விவசாயிக்கு அந்த மரியாதைகூட இல்லைன்னு தெரிஞ்சது.

என் வயலுக்குப் பக்கத்து ரெண்டு ஏக்கரை ஒருத்தர் குத்தகைக்குப் பார்க்கிறார். ஆறு வருஷமா தக்கைப்பூண்டு மடக்கி உழுது, உவர் பூத்த தரையைப் பொலபொலன்னு மாத்தினவர். போன சம்பா மழையில மூழ்கிடுச்சு. குத்தகை நெல்லுல பாதிதான் அளக்க முடிஞ்சது. 'பாக்கி வச்சா நிலத்தை விடு' என்று சொல்லிவிட்டார் வெளியூரில் இருக்கும் உரிமையாளர். "ரசீது இருக்கா?"ன்னு கேட்டேன். "எல்லாம் வாய்ப்பேச்சுதான் சார்"ன்னார்.

சட்டம் அப்படி விடலை. 1955-ஆம் ஆண்டு சாகுபடி குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, பாக்கி இருந்தாலும் உரிமையாளர் தானாக வெளியேற்ற முடியாது. வருவாய்க் கோட்ட அலுவலரிடம் மனு போடணும். அவர் இரு தரப்பு நிலைமையையும் பார்த்து, பாக்கியைக் கட்ட அவகாசம் தரலாம். அதுக்குள்ள கட்டிட்டா மனு தள்ளுபடி. நெல்லை வாங்க மறுத்தாலும் கைகட்டி நிக்க வேண்டாம். கெடு முடிந்து ஒரு மாதத்துக்குள் அதன் மதிப்பை உரிமையாளர் பெயரில் வருவாய் நீதிமன்றத்தில் கட்டலாம். நியாயக் குத்தகையும் வழக்கமான மொத்த விளைச்சலில் 25 சதவீதம்தான்.

ஆனா 'நான்தான் குத்தகைதாரர்'னு காட்டக் காகிதம் வேணும். 1969-ஆம் ஆண்டு குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் அதுக்குத்தான் வந்தது. 'பதிஞ்சா நிலம் போயிடும்' என்று உரிமையாளர்கள் பயப்படுறாங்க. பட்டா எங்கேயும் போகாது. நினைச்சபோது இறக்கிவிட முடியாது, அது உண்மை. குத்தகை வரலைன்னா கேட்க, அவங்களுக்கும் அந்தக் காகிதம்தான் சாட்சி.

இயற்கை விவசாயத்துல மண் தேறவே மூணு வருஷம் ஆகுது. அடுத்த தையில நிலம் கையில இருக்குமான்னு தெரியாதவர் எதை நம்பித் தொழுவுரம் கொட்டுவார்?

பக்கத்து வயல்காரர் இன்னும் நிலத்தை விட்டு இறங்கலை. பாக்கிக்குப் பணம் சேர்க்கிறார். தாசில்தார் அலுவலகத்துக்கு நானும் கூடப் போறேன். ஒண்ணை இங்கேயே ஒத்துக்கறேன்: நானும் ஒரு ஏக்கரைக் குத்தகைக்கு விட்டிருக்கேன், இதுவரை ஒரு ரசீதும் கொடுத்ததில்லை. இந்த அறுவடையிலிருந்து எழுதிக் கொடுக்கிறேன். நிலம் விட்டிருக்கிற நீங்களும் கொடுங்க.