மீனுக்கு ஒரு கரை விடுவோம்

சென்ற கோடை விடுமுறையில் ஊருக்குச் சென்றிருந்தேன். பத்து வயதில் பெற்றோருடன் டெல்லிக்கு வந்தவன் நான். வடக்கே பதின்மூன்று ஆண்டுகள் கழிந்துவிட்டன. ஆயினும் ‘ஊர்’ என்று யாரேனும் சொன்னால் என் மனம் போய் நிற்பது அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் உள்ள ஒரு சிற்றூரில்தான்.

எங்கள் வயலின் கிழக்கு எல்லையில் ஓர் ஓடை உண்டு. மழை நின்று பல மாதங்கள் சென்ற பிறகும் அதில் முழங்கால் அளவு நீர் இருக்கும். கரையில் தாழையும் புங்கையும் நீர்மருதும் நிழல் பரப்பி நின்றன. சிறுவர்களாகிய நாங்கள் துண்டை விரித்துப் பிடித்து அயிரையும் கெண்டையும் அள்ளுவோம். கல் இடுக்கில் கை விட்டால் ஆரல் வழுக்கிக்கொண்டு ஓடும்.

இம்முறை சென்று பார்த்தேன். தாழை இல்லை, புங்கை இல்லை. ஓடை ஒரு நேர்கோடாய்க் கிடந்தது. கல்லெல்லாம் சேற்றில் புதைந்திருந்தது. வெயிலில் காய்ந்த ஒரு குட்டையில் ஜிலேபிக் கெண்டை மட்டும் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. 1952-இல் இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்ட அந்த வெளிநாட்டு மீன் எந்த நீரிலும் பிழைத்துக்கொள்ளும். பிற மீன்களால் அது இயலாது.

இதைச் செய்தவர் யார்? ஆலை முதலாளியா? நகரத்துச் சாக்கடையா? இரண்டும் அங்கே இல்லை. என் தாத்தா கரை மரங்களை வெட்டினார். என் சித்தப்பா இயந்திரம் கொண்டுவந்து ஓடையை நேராக்கி, வரப்பை நீரின் விளிம்பு வரை தள்ளினார். எதிர்க்கரை புறம்போக்கு நிலம். அது அரசின் நிலம். ஆகவே யாருடைய கவலையும் படாத நிலம். அங்கே கல்லை அள்ளினார்கள், குப்பையைக் கொட்டினார்கள். ஒரு கரையைச் சொந்தக்காரன் அழித்தான். மறு கரையைச் சொந்தக்காரன் இல்லாமை அழித்தது.

இப்பொழுது அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் பாகம் பிரிக்கும் பேச்சு நடக்கிறது. ஓடையை ஒட்டி இருபது அடி அகலத்தை யார் பங்கிலும் சேர்க்காமல் மரத்துக்கு விட்டுவிடலாம் என்று நான் கேட்டேன். சித்தப்பா சிரித்தார். “தம்பி, நீ டெல்லியில இருந்துக்கிட்டு மீனைப் பத்திப் பேசுறே. பூவுக்கு அஞ்சு மூட்டை நெல்லு போகும். அதை நீ தருவியா?” என்றார்.

அன்று எனக்கு விடை தெரியவில்லை. இக்கட்டுரை அந்த விடையைத் தேடும் முயற்சியே.

முதலில் அறிவியல் சொல்வதைச் சொல்லிவிடுகிறேன். மீன் நீரில் கரைந்த உயிர்வளியைச் சுவாசிக்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள தூய நீர், லிட்டருக்கு ஏறக்குறைய 9 மில்லிகிராம் உயிர்வளியைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரையாகக் குறைகிறது. மீன் வளர்வதற்குக் குறைந்தது 4 மில்லிகிராம் வேண்டும் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரையறுத்திருக்கிறது. நீர் சூடேறும்போது மீனுக்கு வேண்டிய உயிர்வளி மிகுகிறது, கிடைப்பதோ குறைகிறது. ஆகவே கரையோர மரத்தின் நிழல் வெறும் அழகன்று. அது மீனின் மூச்சு.

நிழலோடு முடியவில்லை. வளைந்து ஓடும் ஓடையில் ஒருபுறம் ஆழமான மடு அமையும். மறுபுறம் கூழாங்கல் பரப்பு அமையும். மடு கோடையில் மீனுக்குப் புகலிடம். கூழாங்கல் பல மீன்களுக்கு முட்டையிடும் இடம். ஓடையை நேராக்கினால் மடுவும் போகும், கல்லும் போகும். கரையில் வேர் இல்லாவிட்டால் மழைதோறும் வண்டல் இறங்கி முட்டையை மூடும். அந்த வண்டல் வேறெங்கிருந்தும் வருவதன்று; சித்தப்பாவின் வயல் மண்தான் அது. அவர் நெல்லைக் கணக்கிடுகிறார். ஓடையில் கரைந்து போகும் மண்ணைக் கணக்கிடுவதில்லை.

“மீன் குறைந்தால் குஞ்சுகளை வாங்கி விட்டால் போயிற்று” என்பார் சிலர். இது எளிய வழி. ஆகவே பலரும் விரும்பும் வழி. காவிரியில் நிகழ்ந்ததை அவர்கள் அறிய வேண்டும். அவ்வாற்றுப் பகுதிக்கே உரிய கூன்முதுகு மகாசீர் பெரும் புகழ் பெற்ற மீன். பண்ணையில் வளர்த்த வேறோர் இனத்து மகாசீர்க் குஞ்சுகளை ஆண்டுக்கணக்கில் அங்கே விட்டார்கள். வந்தது பெருகியது, இருந்தது அருகியது. 2018-இல் காவிரியின் மகாசீர் அழிவின் விளிம்பில் உள்ள இனமாக உலகப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. வீட்டைச் செப்பனிடாமல் விருந்தாளியைக் கொண்டுவந்து நிரப்பினால் வீட்டுக்காரன் வெளியேறுவான்.

வீட்டைச் செப்பனிட்டால் என்ன ஆகும்? அதற்குச் சான்று நாம் வாழும் வட நாட்டிலேயே இருக்கிறது. ராஜஸ்தானின் ஆல்வார் மாவட்டத்தில் ஆர்வாரி என்றொரு சிற்றாறு. நீளம் சுமார் 45 கிலோமீட்டர். மழைக்காலம் தவிர்த்து வறண்டே கிடந்த ஆறு அது. 1980-களின் நடுவில் தொடங்கி, தருண் பாரத் சங்கத்தின் துணையோடு அங்குள்ள ஊரார் ‘ஜோகட்’ என்னும் மண்ணணைகளை ஓடைதோறும் கட்டினார்கள். மழைநீர் நிலத்தில் இறங்கியது, கிணறு ஊறியது, 1990-களின் நடுவில் ஆற்றில் ஆண்டு முழுதும் நீர் ஓடிற்று. நீர் வந்ததும் மீன் பெருகியது.

மீன் பெருகியதும் அரசு வந்தது! 1996-இல் அம்மீனைப் பிடிக்கும் உரிமை ஓர் ஒப்பந்தக்காரருக்கு அளிக்கப்பட்டது. ஆறு வறண்டபோது அது யாருக்கும் உரியதன்று; மீன் துள்ளியதும் அது அரசுக்கு உரியது! ஊரார் எதிர்த்து நின்றார்கள். ஒப்பந்தம் கைவிடப்பட்டது. அப்போராட்டத்தின் விளைவாக 1999-இல் சுமார் 70 ஊர்கள் கூடி ‘ஆர்வாரிப் பாராளுமன்றம்’ கண்டன. கரும்பு, நெல் போன்ற மிகுதியான நீர் உண்ணும் பயிர்கள் வேண்டா என்று தமக்குத் தாமே விதி செய்துகொண்டன. அதற்குச் சட்டத்தின் வலிமை இல்லை. ஊர்ச் சொல்லின் வலிமையே உண்டு.

ஆல்வாரின் வழியை அப்படியே நம் ஊருக்குப் பெயர்த்து நடலாம் என்று நான் சொல்லவில்லை. நம் ஓடைக்குக் குறுக்கே மேலும் அணை கட்டினால், முட்டையிட மேல்நோக்கிச் செல்லும் மீனுக்கு வழி அடைபடும். நம் ஊரின் குறை அணை இன்மையன்று, கரை இன்மை. ஆயினும் ஆர்வாரியிடம் நாம் கற்க வேண்டியவை இரண்டு உண்டு. ஒன்று, தன் நிலம் பொது நிலம் என்று பிரிக்காமல் ஓடை முழுவதையும் ஒன்றாகக் கொண்டதாலேயே ஆறு மீண்டது. மற்றொன்று, உழைத்தவனுக்கு உரிமை இல்லையேல் உழைப்பு நிலைக்காது.

ஆகவே என் சித்தப்பாவுக்கு நான் சொல்லும் விடை இது. முந்நூறு அடி நீளக் கரையில் இருபது அடி விட்டால் போவது ஏறக்குறைய 14 சென்ட். ஐந்து மூட்டை என்று நீங்கள் சொன்னது பொய்யன்று. அந்த இழப்பை நீங்கள் ஒருவரே தாங்க வேண்டும் என்று கேட்பதும் நீதியன்று. மரம் வளரும் வரை சில ஆண்டுகளுக்கேனும் அந்த நெல்லின் விலையை அரசு உழவனுக்குத் தர வேண்டும். எதிர்க்கரைப் புறம்போக்கை அரசு தானே முதலில் செப்பனிட்டுக் காட்ட வேண்டும். தன் கரையைக் குப்பைமேடாக வைத்துக்கொண்டு அடுத்தவன் கரைக்குச் சட்டம் சொல்லும் அரசை யார் மதிப்பார்? மீளும் மீனில் முதல் உரிமை, கரை விட்டவர்க்கும் காத்தவர்க்கும் இருக்க வேண்டும்.

அரசு தரும் வரை? என் தந்தையின் பங்கில் வரும் பாதியை விட்டுவிடுமாறு அவரிடம் கேட்டிருக்கிறேன். அவர் இன்னும் ஒப்பவில்லை, மறுக்கவும் இல்லை. “படிப்பு முடிந்து வேலைக்குப் போ, பிறகு பேசலாம்” என்கிறார். பிறர் நிலத்தைப் பற்றி எழுதுவது எவ்வளவு எளிது, தன் நிலத்தைப் பற்றிப் பேசுவது எவ்வளவு அரிது என்பதை இப்பொழுது உணர்கிறேன்.

நண்பர்களே! நம்மில் பலருக்கு ஊரில் ஒரு துண்டு நிலமேனும் உண்டு. யமுனையின் நுரையைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்கிறோம். நம் ஊர் ஓடையின் கரையை அழித்தவர் யார் என்று கேட்பதில்லை. பொங்கலுக்கு ஊர் செல்லும்போது ஓடைக் கரைக்குச் செல்லுங்கள். முன்பு அங்கே என்னென்ன மீன் இருந்தது என்று தாத்தாவிடமும் பாட்டியிடமும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு உங்கள் வீட்டுப் பெரியவரிடம், எங்கள் வீட்டில் நான் கேட்டதைக் கேளுங்கள்.

அவரும் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். மீண்டும் கேளுங்கள்.