பழுது நீக்கும் கைகள்

கருங்கல் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களுக்குச் செல்லும் லாரி செங்கற்பட்டு அருகே நின்றுவிடுகிறது எனக் கொள்வோம். பழைய வண்டியாயின் பட்டறை மெக்கானிக் முதலில் நோக்குவது புகையை. கரும்புகை எனில் காற்றுக் குறைவு அல்லது டீசல் மிகுதி. நீலப்புகை எனில் எஞ்சினுள் ஆயில் எரிகிறது. பம்பையும் நாசிலையும் கழற்றிச் செப்பனிடுவார். கடற்கரை உப்புக்காற்று அரித்த பாடிக்கு வெல்டிங்கும் வைத்துத் தருவார்.

2020 ஏப்ரல் முதல் விற்பனையாகும் பி.எஸ். 6 வண்டிகளிலோ டீசலின் அளவைக் கணிப்பொறியே தீர்மானிக்கிறது. புகையைத் தூய்மை செய்ய யூரியாக் கரைசல் வேண்டும். அது தீர்ந்தாலோ அதன் சென்சார் கெட்டாலோ எஞ்சினின் வலு தானே குறைந்துவிடும். கோளாற்றை முழுதும் அறியத் தயாரிப்பாளரின் மென்பொருள் தேவை. அஃது இல்லாத மெக்கானிக் கைகட்டி நிற்கிறார். காற்று தூய்மையாவது நன்றே. அதற்கு அவருடைய பிழைப்பை விலையாகக் கேட்பது முறையன்று.

உதிரி பாகங்களையும் சோதனைக் கருவிகளையும் வெளிப் பட்டறைகளுக்கு வழங்காத 14 கார் நிறுவனங்களுக்கு, இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. லாரிக்கும் அந்நீதி பொருந்தாதா? கருவிகளை நியாய விலைக்கு விற்கட்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் மாலை வகுப்புகளில், பள்ளி இறுதி வரை பயிலாத மெக்கானிக்குகளுக்கும், அவற்றைத் தமிழிலேயே கற்பிக்கட்டும்.