கணக்கர் வைத்த கோப்பு



மனித உரிமை பற்றி நாம் எப்போது கட்டுரை வெளியிட்டாலும், அடுத்த வாரத் தபாலில் ஒரு கேள்வி தவறாமல் வந்துவிடும். என்றோ நடந்து முடிந்த கொடுமையை இப்போது கிளறி என்ன பயன்? எங்கோ உட்கார்ந்து மனுவில் கையெழுத்துப் போட்டால் கொலைகாரன் சிறைக்குப் போய்விடுவானா? கேலியாகக் கேட்கிறவர்கள் கொஞ்சம் பேர்தான். நொந்துபோய்க் கேட்கிறவர்களே அதிகம். அவர்களுக்காக இந்த முறை சாட் நாட்டுக் கணக்கர் ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன்.

மத்திய ஆப்பிரிக்காவில் உள்ள சாட் நாட்டை 1982 முதல் 1990 வரை ஆண்டவர் ஹிஸ்ஸேன் ஹப்ரே. லிபியாவின் கடாபிக்கு எதிரி என்ற ஒரே தகுதிக்காக அமெரிக்காவும் பிரான்சும் அவருக்கு ஆயுதமும் பணமும் கொடுத்தன. 1987-ல் வெள்ளை மாளிகைக்கே அழைத்து ரீகன் கைகுலுக்கினார். அதே காலத்தில், தலைநகர் என்ஜமீனாவில் பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன ஒரு நீச்சல் குளத்தின் மேல் கான்கிரீட் தளம் போட்டு மூடி, அடியில் அறை அறையாகத் தடுத்து, அவருடைய ரகசியப் போலீஸ் கைதிகளை அடைத்து வைத்திருந்தது. அந்த ஆட்சியில் 40,000 பேர் வரை கொல்லப்பட்டிருக்கலாம் என்று சாட் நாட்டின் விசாரணை ஆணையம் 1992-ல் மதிப்பிட்டது.

சுலேமான் கெங்கெங் அரசியல்வாதி அல்ல. சாட் ஏரிப் படுகை ஆணையத்தில் கணக்குப் பார்த்தவர். 1988-ல் பிடித்துக்கொண்டு போனார்கள். விசாரணை, தீர்ப்பு என்று ஒன்றும் இல்லாமல் இரண்டு வருஷத்துக்கு மேல் சிறை. பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்தார். கண்பார்வை பெரிதும் கெட்டுப்போனது. உயிரோடு வெளியே போனால் இதற்கு நியாயம் கேட்காமல் விடமாட்டேன் என்று அங்கேயே சபதம் எடுத்தார். 1990 டிசம்பரில் இத்ரிஸ் தெபி ஆட்சியைப் பிடித்தார். ஹப்ரே செனகலுக்கு ஓடினார். சிறைக் கதவு திறந்தது.

வெளியே வந்த கெங்கெங் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார். பாதிக்கப்பட்டவர்களைச் சேர்த்துச் சங்கம் அமைத்து, அவர்களிடமும் விதவைகளிடமும் ஒவ்வொருவராக உட்கார்ந்து கேட்டு, விவரங்களைப் படிவங்களில் பதிய வைத்தார். 792 பேருடைய வாக்குமூலம் சேர்ந்தது. ஆனால் புதிய ஆட்சியிலும் பழைய போலீஸ் அதிகாரிகளே பதவிகளுக்குத் திரும்பி வந்தார்கள். மிரட்டல் தொடங்கியது. கோப்பு வருஷக்கணக்கில் வீட்டில் மறைந்து கிடந்தது.

1998-ல் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதானார். அந்தச் செய்திதான் சாட் மக்களுக்கு வழி காட்டியது. அடுத்த வருஷம் அவர்கள் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பை உதவிக்கு அழைத்தார்கள். அந்த அமைப்பு தானாக வலிய வரவில்லை என்பதைக் கவனியுங்கள். கோப்பு வெளியே வந்தது. 2000 ஜனவரியில் செனகல் தலைநகர் டாக்கரிலேயே புகார் கொடுத்தார்கள். மறு மாதமே ஹப்ரே மீது குற்றச்சாட்டு பதிவானது. செனகலில் ஆட்சி மாறியதும், எங்களுக்கு அதிகாரமில்லை என்று அந்த நாடு கைவிரித்தது. பெல்ஜியத்தில் வழக்கு, ஆப்பிரிக்க ஒன்றியத்தில் முறையீடு, கடைசியில் ஹேக் நகரின் சர்வதேச நீதிமன்றம் 2012-ல் செனகலுக்குச் சொன்ன தீர்ப்பு: நீங்களே விசாரியுங்கள், இல்லையென்றால் ஒப்படையுங்கள். அலுப்பூட்டும் கதைதான், சுருக்கிவிட்டேன். அதை வாழ்ந்தவர்களால் சுருக்க முடியவில்லை.

சுருக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. 2001-ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் வழக்கறிஞர் ரீட் பிராடியும் அவருடைய சகாவும் ரகசியப் போலீசின் கைவிடப்பட்ட தலைமையகத்துக்குள் நுழைந்தார்கள். தரை தெரியாமல் தாள்கள், கால் வைக்க இடமில்லை. கைதிகள் பட்டியல், விசாரணைக் குறிப்பு, இறப்புச் சான்று என்று கொலைகாரர்களே ஒழுங்காக எழுதி வைத்த ஆவணங்கள். எண்ணிப் பார்த்ததில் 12,321 பேரின் பெயர் இருந்தது. அவர்களில் 1,208 பேர் காவலில் இறந்தவர்கள். 898 கைதிகளைப் பற்றி ஹப்ரேவுக்கு நேரடியாகப் போன தகவல்கள் மட்டும் 1,265. போர்க்கைதிகளை மருத்துவமனைக்கு அனுப்பச் சொல்லி வந்த ஒரு கோரிக்கையின் மேல், செத்தால் தவிர எவனும் வெளியே போகக் கூடாது என்ற பொருளில் ஒரு கைக்குறிப்பு. எழுத்து ஹப்ரேயுடையதுதான் என்று நிபுணர் நீதிமன்றத்தில் உறுதி செய்தார். எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல அதன்பின் இடமேது?

அதே 2001-ல் சாட் வழக்கறிஞர் ஜாக்குலின் முடெய்னா மீது, பெண்கள் நடத்திய ஆர்ப்பாட்டம் ஒன்றில் கையெறி குண்டு வீசப்பட்டது. காலில் பாய்ந்த சில்லுகளோடு அவர் வழக்கைத் தொடர்ந்து நடத்தினார்.

2015 ஜூலையில், செனகலும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து அமைத்த சிறப்பு நீதிமன்றம் விசாரணையைத் தொடங்கியது. ஹப்ரே வரமாட்டேன் என்று அடம்பிடித்தார். காவலர்கள் தூக்கிக்கொண்டு வந்து உட்கார வைத்தார்கள். தலைப்பாகையும் கறுப்புக் கண்ணாடியுமாக வாய் திறக்காமல் அமர்ந்திருந்தார். எதிரே கெங்கெங் சாட்சி சொன்னார். கால் நூற்றாண்டாக வீட்டாரிடம்கூடச் சொல்லாததைப் பெண்கள் பகிரங்கமாகச் சொன்னார்கள். 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை. 2021-ல் கோவிட் தொற்றில் இறக்கும்வரை அவர் கைதிதான்.

நிறைவான கதை என்று நான் சொல்லவரவில்லை. ஆயுதம் கொடுத்த வல்லரசுகளில் ஒருவர்கூடக் கூண்டில் ஏறவில்லை. உரிமை என்று உரக்கப் பேசும் நாடுகள், தங்களுக்கு வேண்டியவன் செய்யும் கொலையைப் பார்க்காமல் இருந்துவிடுகின்றன. இந்தக் கோபம் வாசகர்களுக்கு வருவது நியாயம்தான். ஆனால் அதைக் காரணம் காட்டி எல்லாம் நாடகம் என்று ஒதுக்கினால், நஷ்டம் வாஷிங்டனுக்கோ பாரிசுக்கோ இல்லை, கெங்கெங் போன்றவர்களுக்குத்தான்.

பணம் அனுப்பலாமா, எந்த அமைப்புக்கு அனுப்புவது என்றும் சிலர் கேட்கிறார்கள். பெயர் சிபாரிசு செய்வது ஆசிரியர் வேலை அல்ல என்பதால் நான் பார்க்கும் இரண்டு விஷயங்களை மட்டும் சொல்கிறேன். பாதிக்கப்பட்டவர்களின் சொந்தச் சங்கம் அந்த வேலையில் முன்னால் நிற்கிறதா? தீர்ப்பு வந்து கேமராக்கள் போன பிறகும் அந்த அமைப்பு அங்கே இருக்கிறதா? இரண்டாவது முக்கியம். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் 7,396 பேருக்கு 8,200 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் இழப்பீடு தரச் சொன்னது. 2024-ல்தான் சாட் அரசு கொஞ்சம் பணத்தைக் கொடுக்கத் தொடங்கியது. அதற்குள் பலர் இறந்துவிட்டார்கள். மீதிக்காக இருப்பவர்கள் இன்னும் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்