கொசுவத்தி போதும், அடுப்பைப் பத்த வைங்க

ஊரை விட்டு வந்த நம்ம ஆளுங்களுக்கு ஒரு வியாதி உண்டு. பண்டிகை வந்தால் போதும், "எங்க அம்மா பண்ற மாதிரி வருமா"ன்னு கொசுவத்தி சுத்த ஆரம்பிச்சுடுவோம். நானும் அந்தக் கூட்டம்தான். மன்னார்குடிப் பக்கத்திலிருந்து வந்து பன்னிரண்டு வருஷமா பெங்களூர் ஜோகுபாளையத்தில் குடித்தனம். கோகுலாஷ்டமிக்கு முதல் நாள் கடையில் உப்புச் சீடை கால் கிலோ, வெல்லச் சீடை கால் கிலோ வாங்கி வருவேன். சாமி முன்னால் வெச்சுட்டு, ஒண்ணை வாயில் போட்டு, "ம்ஹூம், அம்மா சீடை மாதிரி இல்லை" என்று தீர்ப்பு சொல்வேன். அதோடு என் கடமை முடிஞ்சுது.

இந்த நாட்டாமை பதவியிலிருந்து என்னை இறக்கினவர் ஒரு கொலம்பியாக்காரர். எங்க ப்ராஜெக்ட்டில் மெதஜின் நகரத்திலிருந்து வேலை செய்பவர். போன டிசம்பர் 7, எங்களுக்கு சாயங்காலம், அவருக்குக் காலை. மீட்டிங் முடிஞ்சதும், "ராத்திரிக்குப் பலகாரம் பண்ணணும், கிளம்பறேன்" என்றார். அங்கே டிசம்பர் 7 ராத்திரி வீட்டு வாசல், ஜன்னல், நடைபாதை எல்லாம் மெழுகுவத்தி ஏத்தி வைப்பாங்களாம். நம்ம கார்த்திகையேதான்! அன்னைக்கு ஆரம்பிச்சு கிறிஸ்துமஸ் வரை வீட்டுக்கு வீடு 'புனுவேலோ' பொரிப்பாங்க.

புனுவேலோன்னா சீஸ் உருண்டை. உப்புப் போட்ட வெள்ளைச் சீஸைத் துருவி, கார்ன்ஃப்ளோர், கொஞ்சம் மரவள்ளி மாவு, முட்டை, துளி சர்க்கரை, பால் சேர்த்துப் பிசைந்து, எலுமிச்சம்பழ அளவு உருட்டி எண்ணெயில் போடணும். எண்ணெய் மிதமான சூட்டில் இருந்தால் உருண்டை முதலில் அடியில் போய், அப்புறம் மேலே வந்து, தானே புரண்டு புரண்டு சிவக்கும். சூடு தப்பினால்? "வெடிக்கும். கூரையில் ஒட்டும்" என்றார். எனக்கு அந்த நிமிஷமே அவர் சொந்தக்காரர் ஆகிட்டார்.

"உங்க அம்மா பண்ற மாதிரி வருமா?"ன்னு கேட்டேன். பழக்க தோஷம்.

"வராது. ஆனா அம்மா எனக்காக முப்பது வருஷம் எண்ணெய் முன்னால நின்னாச்சு. இப்ப என் முறை" என்றார்.

சுருக்குன்னு இருந்தது. அம்மா கையைப் பத்தி அத்தனை கவிதை பாடின நான், அந்தக் கைக்குப் பக்கத்தில் ஒரு நாள்கூட நின்னதில்லை.

அடுத்த கோகுலாஷ்டமிக்குக் களத்தில் இறங்கினேன். கடையில் அரிசி மாவு பாக்கெட் வாங்கி, சலிக்காமல், கல் உப்பை அப்படியே போட்டு, நல்லா அழுத்தி வழவழன்னு உருட்டி, புகையற எண்ணெயில் போட்டேன். பத்து எண்ணறதுக்குள்ள டப்! டப்! எண்ணெய் தெறிச்சுது. பொண்ணு கட்டிலுக்கு அடியில். தங்கமணி கேஸை அணைச்சுட்டு ஒண்ணும் பேசாமல் என்னைப் பார்த்தாங்க. அந்தப் பார்வைக்குச் சீடையே தேவலை.

சத்தம் கேட்டுக் கீழ்வீட்டுப் பாட்டி மேலே வந்தாங்க. அவங்க குடும்பம் இந்த ஏரியாவிலேயே நாலு தலைமுறை. 1809-ல் கன்டோன்மென்ட் வந்த பிறகு பெங்களூருக்கு வந்து சேர்ந்த தமிழ்க் குடும்பங்களில் ஒண்ணு. தமிழ்நாட்டில் அவங்களுக்குச் சொந்த ஊர்னு ஒண்ணு கிடையாது. தமிழில் பாதி கன்னடம் கலந்திருக்கும். ஆனா மாவைத் தொட்டுப் பார்த்த அடுத்த நொடி, "ஈரம் உள்ளே மாட்டிக்கிச்சு கண்ணு. இவ்வளவு அழுத்தி உருட்டினா அது எப்படி வெளியே வரும்?" என்றாங்க.

அவ்வளவுதான் விஷயம். தண்ணீர் ஆவியானால் 1,600 மடங்குக்கு மேல் விரியும். வெளித்தோல் இறுகி, ஆவிக்கு வழி இல்லைன்னா சீடை குண்டு. புனுவேலோவுக்கும் இதே கதைதான்.

பாட்டி சொன்ன பக்குவம்: பச்சரிசியை ஊற வெச்சு, வடிச்சு, நிழலில் துணியில் உலர்த்தி, லேசா ஈரம் இருக்கும்போதே அரைச்சு, ரெண்டு தடவை சலிக்கணும். அப்புறம் வாணலியில் சூடு ஏற வறுக்கணும். ஒரு கப் மாவுக்கு, வறுத்து அரைத்துச் சலித்த உளுத்தமாவு ஒரு மேஜைக்கரண்டி, வெண்ணெய் ஒரு மேஜைக்கரண்டி. தேங்காய்த் துருவலை வதக்கிப் போடணும். எள்ளில் கல் இருக்கக் கூடாது. உப்பையும் பெருங்காயத்தையும் தண்ணீரில் கரைச்சு வடிகட்டி விடணும். அழுத்தாமல் உருட்டணும், மேலே விரிசல் இருந்தால் நல்லது. துணியில் கால் மணி நேரம் உலர விட்டு, குச்சியால் ஒரு குத்து. எண்ணெய் மிதமான சூடு. முதலில் ஒண்ணே ஒண்ணு போட்டு, தள்ளி நிக்கணும்.

ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டு வெடிச்ச கதையைச் சொன்னேன். சிரிச்சாங்க. "என் இடது கையில வளையலுக்கு மேல தழும்பு இருக்கே, நீ பார்த்ததில்லை? நீ அஞ்சாவது படிக்கறப்ப. அன்னைக்கும் நீ ரெண்டு கிண்ணம் சாப்பிட்டே."

பார்த்திருக்கேன். நாற்பது வருஷமா பார்த்திருக்கேன். கேட்டதில்லை.

அதனால் மக்களே, நான் சொல்ல வந்தது இதுதான். கடைச் சீடை வாங்கறது குத்தம் இல்லை. ரெண்டு பேரும் வேலைக்குப் போற வீட்டில், மெனக்கெட முடியாத வருஷம் வாங்கத்தான் வேணும். கொலம்பியாவிலும் புனுவேலோ மாவு பாக்கெட்டில் கிடைக்குது. ஆனா வாங்கறவர் வாயை மூடிக்கிட்டு சாப்பிடணும். "அம்மா பண்ற மாதிரி இல்லை"ன்னு சொல்ற உரிமை, அடுப்பு முன்னால் நின்னவங்களுக்குத்தான். "பாரம்பரியம் போச்சு"ன்னு நாம புலம்பறப்ப, அந்தப் பாரம்பரியத்தைத் தூக்கச் சொல்லி யார் தலையில் வைக்கறோம்? ஆபீஸிலிருந்து ஏழு மணிக்கு வர்ற தங்கமணி தலையில்தானே? ஏக்கம் யாருக்கோ, மாவு சலிக்கறது அவங்களான்னு கேட்டால் நம்மகிட்ட பதில் இல்லை. ஏங்கறவரே சலிக்கட்டும்.

இன்னொண்ணு. ஊர் தூரமாப் போச்சு, அதனால் எல்லாம் போச்சுங்கறதும் சும்மா. நாலு தலைமுறையா ஊரே இல்லாத பாட்டி கையில் சீடை இருக்கு. மன்னார்குடிக்கு ராத்திரி பஸ் பிடிச்சா காலையில் போய்ச் சேர்ற என் கையில் இல்லை. பக்கத்தில் நின்னு பார்த்தவங்க கைக்கு அது வந்திருக்கு, அவ்வளவுதான்.

மறுநாள் ரெண்டாவது ஈடு வெடிக்கலை. பொண்ணு உருட்டினது புளியங்கொட்டை சைஸ், நான் உருட்டினது கோலி சைஸ். ஊருக்குப் போன நண்பர்கிட்ட ஒரு டப்பா கொடுத்துவிட்டேன். அம்மாவுக்கு எழுபத்திநாலு வயசு, பல் இல்லை. வாயில் ஊற வெச்சுத்தான் சாப்பிட்டாங்களாம். ரிசல்ட்டுக்கு போன் பண்ணினேன்.

"உப்பு கம்மிடா. நான் பண்ற மாதிரி இல்லை."

அவங்க சொல்லலாம்.