கவாசாகி நோய்: காய்ச்சல் தணிந்த பின்

ஐந்து நாட்களுக்கு மேல் நீடிக்கும் காய்ச்சல், சிவந்த கண்கள், வெடித்த உதடுகள், உடலில் தடிப்பு, வீங்கிப் பின் தோலுரியும் விரல்கள் ஆகியவை சிறு குழந்தையிடம் ஒருங்கே தோன்றினால் அது கவாசாகி நோயாக இருக்கலாம். ஜப்பானிய மருத்துவர் டோமிசாகு கவாசாகி 1967-இல் 50 குழந்தைகளிடம் கண்டு விவரித்த இந்நோய், இரத்தக் குழாய்ச் சுவர்களின் அழற்சியாகும். காய்ச்சல் தானாகவே தணிந்துவிடும். தீங்கு அங்குதான் மறைந்திருக்கிறது. சிகிச்சை பெறாதவர்களுள் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இதயத் தமனிகள் புடைத்துவிடுகின்றன. முதல் பத்து நாட்களுக்குள் இம்யூனோகுளோபுலின் செலுத்தினால் இது நூற்றுக்கு ஐந்து அளவிற்குக் குறைகிறது.

2020-இல் கோவிட் தொற்றை அடுத்து, இந்நோயை ஒத்த அழற்சி மும்பைக் குழந்தைகளிடமும் காணப்பட்டது. மருத்துவமனைகள் விழித்துக்கொண்டன. ஆயினும் வீடு திரும்பிய பின் வரும் இருபது, முப்பது ஆண்டுகளைப் பற்றிப் பேசுவோர் சிலரே.

சிறு புடைப்புகளிற் பல ஓரிரு ஆண்டுகளில் சுருங்கிவிடுகின்றன. 8 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் விரிந்தவை அவ்வாறல்ல. அவற்றில் இரத்தம் உறையக்கூடும், காலப்போக்கில் குழாய் குறுகக்கூடும். இளமையிலேயே மாரடைப்பு நேர்வதும் உண்டு. ஆகவே, தமனி எப்போதாவது எட்டிய மிகப் பெரிய அளவு எது என்பதை வாழ்நாள் முழுவதும் மருத்துவர் அறிந்திருத்தல் அவசியம். அவ்வளவு எழுதப்பட்ட எக்கோ அறிக்கை மருந்துச் சீட்டினும் மதிப்புடையது. தாராவியிலிருந்து கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி செல்லும் குடும்பத்தின் பெட்டியில் அது இருக்கிறதா என்று களப்பணியாளர் கேட்பது மிகையன்று. மாதுங்காவிலும் செம்பூரிலும் வீடு மாறும்போதும் காகிதம் தொலைவதுண்டு. பள்ளிப் பதிவேட்டில் ஒரு நகல் வைத்தால் என்ன?

தமனி பாதிக்கப்படாத குழந்தைக்குச் சில வாரங்களில் ஆஸ்பிரின் நிறுத்தப்படும். பின்னர் அக்குழந்தையை விளையாட்டிலிருந்து விலக்குவது வீண் அச்சமே, அதுவும் ஒரு கேடுதான். பெரும் புடைப்புடையோர் ஆஸ்பிரினுடன் இரத்தம் உறையாமைக்கான மருந்தும் உட்கொள்வர். அவர்களுக்குக் கபடி ஆகாது. ஆஸ்பிரின் உண்ணும் பிள்ளைக்கு அம்மையோ ஃபுளூ காய்ச்சலோ கண்டால் உடனே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும். ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்கு அது வழிவகுக்கக்கூடும். தலைவலிக்கென்று கடையில் ஐபுப்ரோஃபென் வாங்கித் தருவதும் தவறு. அது ஆஸ்பிரினின் பயனைக் கெடுக்கும்.

குழந்தையின் மாரடைப்பு நெஞ்சு வலியாக மட்டுமே வருவதில்லை. வாந்தி, வயிற்று வலி, முகம் வெளிறல் ஆகியவையும் அதன் அறிகுறிகளாகலாம். பதிவேட்டில் பெரும் புடைப்பு என்று குறிக்கப்பட்ட மாணவன் வகுப்பில் அவ்வாறு சோர்ந்தால், அஜீரணமென்று பெஞ்சில் படுக்கவைக்காமல், எக்கோ அறிக்கையுடன் அப்போதே மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.